கூடையில் அப்பா அழைக்கிறார்

ஒரு வகுப்பின் போன்கள் அத்தனையும் அனுராதாவின் மடியில் ஒரு பிளாஸ்டிக் கூடையில் கிடந்தன. ஆடித் தள்ளுபடியில் கொட்டி வைத்த ஜாக்கெட் துணிபோல ஒன்றன்மேல் ஒன்றாக, தலையும் காலும் தெரியாமல். கருத்தரங்கக் கூடத்தின் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு அவற்றுக்குக் காவல் இருந்தாள். உள்ளே கடைசி வருட பி.காம். பிள்ளைகள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். வெளியே விடாமல் மழை.

தஞ்சாவூருக்கு வெளியே வயல்களை மேடாக்கிக் கட்டிய தனியார் பல்கலைக்கழகம் அது. பிள்ளைகளுக்கு மன அழுத்தம் கூடிவிட்டது, பெற்றோர் கூட்டத்தில் கேள்வி வருகிறது என்று நிர்வாகம் சென்னையிலிருந்து இளஞ்செழியன் என்ற பயிற்சியாளரை வரவழைத்திருந்தது. மைண்ட்ஃபுல்னெஸ் என்று போஸ்டரில் போட்டு, கீழே மனக்கவனப் பயிற்சி என்று தமிழிலும் போட்டார்கள். பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமே? வணிகவியல் துறையில் வாய் உள்ள ஆள் அனுராதா. கூடையை அவள் தலையில் கட்டினார்கள்.

அவள் கும்பகோணத்துப் பாத்திரக்கடைக்காரர் மகள். சொன்ன விலைக்கு ஒரு கரண்டி வாங்கினாலும் அன்றைக்குத் தூக்கம் வராத வம்சம். இளஞ்செழியன் எட்டு வாரப் பயிற்சி என்று ஆரம்பித்ததுமே, "எட்டு வாரம் சரி சார், பரிட்சை அன்னைக்குக் காலையில ஒரு அரைமணி நேரம் வந்துடுங்க. அது கொசுறு" என்றாள். அவர் சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார். கறிவேப்பிலை கேட்பதுபோல அவள் கேட்டு வாங்கிய அந்தக் கொசுறு வகுப்புத்தான் இப்போது உள்ளே நடந்துகொண்டிருந்தது. அது முடிந்ததும் பத்து மணிக்குப் பரிட்சை.

கூடைக்குள் ஏதோ ஒன்று உறுமியது. கிளறிப் பார்த்தாள். கண்ணாடி விரிசலுக்கு செல்லோடேப் ஒட்டிய போன். பரிதியுடையது. திரையில் 'அப்பா' என்று வந்தது.

வகுப்பு நேரத்தில் எந்தப் போனையும் எடுப்பதில்லை என்பது விதி. நின்றது. மறுபடி அடித்தது. நின்று மறுபடி. பரிட்சைக்கு ஆசீர்வாதம் பண்ண இத்தனை அவசரமா என்று அலுத்துக்கொண்டே எடுத்தாள்.

"ஹலோ, பரிதி அப்பாங்களா? நான் அவன் மேடம் பேசறேன். பையன் கிளாஸ்ல இருக்கான்."

மறுமுனையில் தகரக் கூரையில் மழை விழும் சத்தம்.

"நான் அவன் சித்தப்பன்ம்மா. செல்லதுரை. அவன்கிட்ட குடுங்க."

"கண்ணை மூடி உக்காந்திருக்காங்க எல்லாரும். எங்கிட்ட சொல்லுங்க, நான் சொல்லிடறேன்."

"அண்ணன் போயிட்டாரும்மா."

"எங்க?" என்று கேட்டாள் அனுராதா.

கேட்ட பிறகுதான் காது அந்தச் சொல்லை முழுசாக வாங்கியது. திரையைப் பார்த்தாள். 'அப்பா' என்றே இருந்தது. பேசும் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. இறந்து போன மனிதரின் போனிலிருந்து அவர் இறந்த செய்தி வந்துகொண்டிருந்தது.

"விடிய வயலுக்குப் போனாரும்மா, தண்ணி வடிக்கணும்னு. பயிர் முழுகிக் கெடக்கு. வரப்பை வெட்டி விட்டுக்கிட்டு இருந்தவரு அப்படியே குப்புற விழுந்துட்டாரு. கொடவாசல் ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். ஏற்கெனவே இல்லைன்னுட்டாங்க."

பரிதியின் அப்பா ஐயாவு. பையனின் வருகை குறைந்தபோது ஒருமுறை துறைக்கு வந்திருக்கிறார். குத்தகை நிலத்தில் நெல் போடுகிறவர். நாற்காலியைக் காட்டிக்காட்டிச் சொல்லியும் உட்காராமல், சுவரில் இருந்த பட்டமளிப்புப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நின்றவர்.

இந்த இடத்தில் எதுவும் பேசாமல் கதவைத் திறந்து பையனைக் கூப்பிட்டிருந்தால் போதும். ஆனால் அனுராதாவுக்குப் புத்திக்கு முன்னால் வாய் ஓடும்.

"ஐயோ, இன்னைக்கு அவனுக்குப் பரிட்சை இருக்கே!"

"இன்னைக்கா?" செல்லதுரையின் குரல் மாறியது. போனைப் பொத்திக்கொண்டு யாரிடமோ பேசினார். ஒரு பெண்ணின் அழுகை நின்று, தெளிவான குரல் ஒன்று ஏதோ சொல்லிவிட்டு, மீண்டும் அழுகை தொடர்ந்தது. "மேடம், போன தடவை போச்சே, அந்தப் பரிட்சைங்களா? இதுல பாஸானாத்தான் வேலைன்னானே?"

"அதுதான்."

"அப்ப சொல்லாதீங்க. அண்ணியும் வேணாங்குது. இந்த மனுசன் காத்துக்கிட்டு இருந்ததே அதுக்குத்தானாம். அவன் எழுதட்டும். கொள்ளி நான் வெச்சிக்கறேன். அவன் காரியத்துக்கு வந்தாப் போதும்."

"என்னங்க சொல்றீங்க? முகம் பாக்க வேணாமா? எப்ப எடுக்கறீங்க?"

"பன்னெண்டுக்கெல்லாம் எடுத்துடணும்."

"பரிட்சை ஒரு மணிக்கு முடியும். அப்பறம் இங்கேர்ந்து கிளம்பி வரணும். சாயங்காலமா வெச்சுக்குங்களேன்."

"சுடுகாடு வாய்க்காலுக்கு அந்தக் கரையில மேடம். பாலம் கேட்டுக் கேட்டே எங்க அப்பன் காலம் போச்சு, அண்ணன் காலமும் போச்சு. இப்ப முழங்கால் தண்ணி. மத்தியானத்துக்கு மேல இடுப்புக்கு வந்துடும்."

"ஐஸ் பெட்டி வெச்சு நாளைக்கு..."

"கரண்டு இல்ல. நாளைக்குத் தண்ணி கழுத்துக்கு வரும்."

"சரி, ரெண்டு மணி. ரெண்டு மணின்னு வெச்சுக்குங்க."

"மேடம்," என்றார் செல்லதுரை. கோபம்கூட இல்லை அந்தக் குரலில். "நான் என்ன கத்திரிக்காயா விக்கறேன்?"

அனுராதாவின் காது மடல் சுட்டது. மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"ஒரு மணி. அதுக்கு மேல தண்ணி கேக்காது. நீங்க அவன்கிட்ட மூச்சு விடாதீங்க."

வைத்துவிட்டார். பன்னிரண்டை ஒன்றாக்கியதில் ஒரு நொடி அவளுக்குள் பழக்கதோஷமாக ஒரு சின்ன வெற்றி எட்டிப் பார்த்தது. என்ன சரக்குக்குப் பேரம் பேசினோம் என்பது அதன் பிறகுதான் உறைத்தது. ஒரு மணிக்கு இங்கே விடைத்தாளைக் கொடுப்பான். ஒரு மணிக்கு அங்கே தூக்குவார்கள். இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டாயிற்று. நடுவில் இருக்கிறவனைத்தான் யாரும் கேட்கவில்லை.

கதவு திறந்தது. மூன்றாம் பெஞ்சு தமிழ்நிலா எட்டிப் பார்த்தாள். "மேடம், சார் உங்களைக் கூப்பிடறாரு. ஒரு ஆள் குறையுதாம்."

கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். கூடத்தில் நாற்காலி ஒன்றுகூட இல்லை; அத்தனையும் பரிட்சை ஹாலுக்குப் போய்விட்டன. தரையில் ஜமக்காளம். அதில் பாதிப் பிள்ளைகள் வரிசையாக மல்லாந்து படுத்திருந்தார்கள். கை பக்கவாட்டில், கால் நீட்டி, கண் மூடி. மீதிப் பேர் ஆளுக்கொருவராகப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார்கள். நடுவில் இளஞ்செழியன், வெள்ளைக் குர்தா, ஒரு கையில் வெண்கல மணி, இன்னொரு கையில் எவர்சில்வர் கிண்ணம்.

"வழக்கமா உலர்ந்த திராட்சை வெச்சுப் பண்ணுவோம் மேடம்," என்றார் உற்சாகமாக. "பாக்கெட்டை ஹாஸ்டல்ல யாரோ காலி பண்ணிட்டாங்க. அப்பத்தான் தோணிச்சு, டெல்டாவுக்கு வந்து திராட்சையைத் தேடறோமே, நாம எவ்வளவு பெரிய முட்டாள்! மெஸ்ல பச்சரிசி வாங்கிட்டு வந்தேன். இந்த மண்ணோட அரிசி. நாற்காலியும் இல்லாதது நல்லதாப் போச்சு, படுத்துப் பண்ணினா இன்னும் ஆழமா இறங்கும்."

பிள்ளைகளிடம் திரும்பினார். "உக்காந்திருக்கறவங்க கையில மூணு மூணு அரிசி. ஒவ்வொண்ணா எடுத்து, படுத்திருக்கறவங்க வாயில வைங்க. அவங்க கண்ணைத் திறக்கக் கூடாது. கடிக்கக் கூடாது. அந்த ஒரு அரிசி மட்டும்தான் உலகம்."

கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. அமைதி என்று இளஞ்செழியன் நினைத்தார். அவர் சிங்கப்பூரில் பிறந்து, சென்னையில் பதினாறாவது மாடியில் வளர்ந்தவர். வாய்க்கரிசி என்ற சொல்லை ஆட்டோக்காரர்கள் திட்டும்போது கேட்டிருக்கிறார். யாருக்கு, எப்படிப் போடுவார்கள் என்று கண்ணால் பார்த்ததில்லை. மண்டியிட்டிருந்த பிள்ளைகளோ அத்தனை பேரும் பார்த்திருந்தார்கள். கையில் அரிசியும் எதிரில் மல்லாந்த முகமுமாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்திக்குச் சிரிப்பு பீறிட்டு, பாதியில் அடங்கியது.

தமிழ்நிலா கையைத் தூக்கினாள். "சார், இதை உக்காந்துக்கிட்டே பண்ணக் கூடாதா?"

"கேள்வி கேக்கற மனசையும் கவனிங்க, நிலா."

அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. வருகைப்பதிவு இருந்தது.

வரிசையின் கடைசியில், பரிதி தனியாக நின்றுகொண்டிருந்தான். உள்ளங்கையில் அரிசி, எதிரில் ஆள் இல்லை.

"மேடம், பரிதிக்கு ஜோடி நீங்கதான். வாங்க, படுங்க."

"எனக்கு வேலை இருக்கு சார்."

"அரை நிமிஷம். உண்மையைச் சொன்னா, இந்த ரூம்லயே உங்களுக்குத்தான் ரொம்பத் தேவைப்படுது. முகத்தைப் பாருங்க."

மறுத்தால் பையன் முகத்தை நிமிர்ந்து பார்த்துப் பேச வேண்டியிருக்கும். படுத்தால் கண்ணை மூடிக்கொள்ளலாம். கூடையைக் கீழே வைத்துவிட்டுப் படுத்தாள். கூரையில் ஒரு மின்விசிறி மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணை மூடினாள். பக்கத்தில் முழங்கால் இரண்டு ஜமக்காளத்தில் இறங்கும் சத்தம். தேங்காயெண்ணெய் வாசனை.

மணி ஒலித்தது.

"மேடம்," பரிதி குனிந்து கிசுகிசுத்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுகிற குரல். "மன்னிச்சுக்குங்க. எங்க ஊர்ல இதுக்கு வேற பேரு."

"தெரியும்."

"உசுரோட இருக்கறவங்களுக்கு இப்படிப் பண்ணுனேன்னு எங்க அப்பாவுக்குத் தெரிஞ்சுது, தோலை உரிச்சுடுவாரு. நீங்க போட்டுக் குடுத்துடாதீங்க."

கீழுதட்டில் விரல் பட்டது. சில்லென்று ஓர் அரிசி உள்ளே விழுந்து நாக்கின் ஓரத்தில் நின்றது.

"கவனிங்க," இளஞ்செழியனின் குரல் எங்கோ மேலேயிருந்து வந்தது. "இந்த அரிசி எங்கேர்ந்து வந்தது? எந்த வயல்? எந்தக் கை? எத்தனையோ வாய்க்குப் போயிருக்கலாம். போகலை. உங்களுக்குன்னே வந்திருக்கு."

அவளுக்கென்று வந்ததல்ல. யாருக்கு வந்தது என்று அந்தக் கூடத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். குடவாசலுக்கு அந்தண்டை தகரக் கூரைக்குக் கீழே ஒரு வாய் இந்தக் கைக்குக் காத்திருக்கிறது. நடுவில் படுத்துக்கொண்டு இவள் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டிருக்கிறாள். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. இரண்டாவது அரிசியோடு விரல் மறுபடி உதட்டுக்கு வந்தது.

அனுராதா எழுந்து உட்கார்ந்தாள். பரிதியின் நெற்றியில் இடித்திருப்பாள். அவன் பின்னால் சாய்ந்தான்.

"உங்க அப்பா இறந்துட்டாருப்பா."

மெதுவாகச் சொல்வதாகத்தான் நினைத்தாள். மனக்கவனத்தில் இருந்த கூடம் அது. ஊசி விழுந்தாலும் கேட்டிருக்கும்.

பரிதி அவளையே பார்த்தான். சிரிப்பு முகத்திலிருந்து போகவில்லை. போக வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை போல அப்படியே இருந்தது.

"இன்னும் ரெண்டு இருக்கு மேடம்," என்றான். "படுங்க."

"பரிதி..."

"படுங்க மேடம். ரெண்டுதான். போட்டுட்டுப் பரிட்சைக்குப் போகணும்."

படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்தார்கள். உதட்டில் அரிசியோடு தலையைத் தூக்கி, பரிதியைப் பார்த்து, பிறகு தாங்கள் படுத்திருக்கும் கோலத்தைப் பார்த்தார்கள். யாரோ ஒருவன் துப்பினான். அவ்வளவுதான். வரிசை முழுக்கத் துப்பும் சத்தம். ஒரு பெண் புறங்கையால் நாக்கைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்து அழுதாள். இன்னொருத்தி போன் போன் என்று கூடையைத் தேடினாள்.

"யாரும் கண்ணைத் திறக்காதீங்க, மூச்சை மட்டும்..." என்ற இளஞ்செழியன் தன் கண்ணைத் திறந்தார். "என்ன ஆச்சு?"

தமிழ்நிலாதான் சொன்னாள். கோபமாக அல்ல, வழி கேட்டவருக்குச் சொல்வதுபோல. "செத்தவங்களைப் படுக்க வெச்சுத்தான் சார் இப்படிப் போடுவாங்க. அவன் அவங்க அப்பாவுக்கு இன்னைக்குப் போடணும்."

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். அதைக் கீழே வைக்க இடம் தேடினார். எங்கு பார்த்தாலும் யாராவது படுத்திருந்தார்கள்.

*

பரிதியை ஏற்றிக்கொண்டு காரைக் கிளப்பி மெயின் ரோட்டுக்கு வந்த பிறகுதான் பின்சீட்டில் கூடை இருப்பதை அனுராதா கண்டாள். பழக்கத்தில் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். வகுப்பு முழுவதன் போனும் அவளோடு குடவாசல் வந்துகொண்டிருந்தது. திரும்பினால் நேரம் போகும். பரிட்சை ஹாலில் போனுக்கு வேலையும் இல்லை.

"கும்பகோணம் வழியா, நீடாமங்கலம் வழியா?" என்று கேட்டாள்.

"கும்பகோணம் டவுன்ல மாட்டிக்குவோம். நீடாமங்கலத்துல ரயில்வே கேட்டு போட்டிருந்தா மாட்டிக்குவோம்." கண்ணாடியில் ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். வலது கையை மூடி மடியில் வைத்திருந்தான். "நீடாமங்கலம் போங்க."

அழுதால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். அவன் அழவில்லை. அம்மாபேட்டை வரைக்கும் அடக்கவிலைக் கணக்குப் பாடத்தை ஒப்பித்தான். நிலைச் செலவு எது, மாறும் செலவு எது, எவ்வளவு விற்றால் கையைக் கடிக்காது. ஒரு வரி தப்பாகச் சொன்னான். அவள் வாய் தானாகத் திருத்தியது. "ஆமால்ல" என்று திருத்திச் சொல்லிக்கொண்டான். இரண்டு பக்கமும் வயல் எங்கே முடிகிறது, சாலைப் பள்ளம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் ஒரே தண்ணீர். பயிரின் நுனி மட்டும் நாலு விரல் வெளியே.

பின்சீட்டில் போன் ஒன்று உறுமத் தொடங்கியது. அது நின்றதும் இன்னொன்று. பரிட்சை நாள், ஊரெல்லாம் அம்மாக்களும் அப்பாக்களும் பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்ல அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?" என்றான் பரிதி.

"நீங்கள்லாம் உள்ள போனப்பறம்தான். உன் போன் அடிச்சுது."

"நீங்க உள்ள வந்து படுத்தப்ப?"

ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள். "தெரியும்."

"நான் அரிசி போட்டப்ப?"

"தெரியும்."

"அப்பா தோலை உரிச்சுடுவாருன்னு சொன்னேனே, அப்ப?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். கடைவாய்ப் பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஏதோ உருண்டது. அந்த அரிசி. அது இத்தனை நேரமும் அங்கேயே இருந்திருக்கிறது.

"சித்தப்பாதான் சொல்ல வேணாம்னாங்களா?" என்று அவனே கேட்டான்.

ஆமாம் என்று ஒரு வார்த்தையில் தப்பித்திருக்கலாம். நல்ல விலைதான். "அவர் சொல்லத்தான் போன் பண்ணினாரு," என்றாள். "பரிட்சைன்னு எடுத்துக் குடுத்தது நான்."

பரிதி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

நீடாமங்கலத்தில் கேட் போட்டிருந்தது. ஒரு சரக்கு ரயில் முன்னால் ஊர்ந்து போவதும், நிற்பதும், எதையோ மறந்து வைத்ததுபோலப் பின்னால் வருவதுமாக இருந்தது. திறந்திருந்த ஒரு பெட்டியில் தார்ப்பாய்க்குக் கீழே அரிசி மூட்டைகள். அனுராதா ஹாரன் அடித்தாள். முன்னால் நின்ற டிராக்டர்காரர் திரும்பிப் பார்த்து, "ரயிலை ஓரமா நகத்தச் சொல்றீங்களா?" என்றார். அவள் இறங்கிப்போய் கேட்கீப்பரிடம் கெஞ்சினாள். பேரம் படியாத இடம் ஒன்று உலகத்தில் உண்டென்றால் அது நீடாமங்கலம் கேட். நனைந்து திரும்பி வந்தபோது பரிதி இடது கையால் தன் போனைக் காதில் வைத்திருந்தான்.

"நான் வந்துக்கிட்டிருக்கேன் சித்தப்பா."

செல்லதுரையின் குரல் வெளியே கேட்டது. "பரிட்சை என்னடா ஆச்சு? அந்தம்மா சொல்லிட்டாங்களா? டேய், தண்ணி விறுவிறுன்னு ஏறுது, ஒரு மணி வரைக்கும் தாங்காது போலருக்கு. தூக்கிட்டோம்டா. கரைக்கு வந்துட்டோம்."

"இறக்கி வைங்க."

"டேய், இறக்கக் கூடாதுடா..."

"கரையில இறக்கி வைங்க சித்தப்பா." சத்தம் போடவில்லை. "எங்க அப்பாவை எறக்கி வைங்க."

ரயில் நகர்ந்தது.

*

தார்ச்சாலை ஒரு பெரிய புளியமரத்தோடு முடிந்தது. கார் நிற்பதற்குள் பரிதி கதவைத் திறந்துகொண்டு ஓடினான். பெண்கள் அதற்கு மேல் போவதில்லை. மரத்தடியில் பரிதியின் அம்மா அம்சத்தை நாலைந்து பேர் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். அவள் அனுராதாவை நிமிர்ந்து பார்த்தாள். "எழுதலையா அவன்?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அனுராதா இல்லை என்று தலையை ஆட்டினாள். செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி அவன் பின்னால் நடந்தாள். யாரும் தடுக்கவில்லை, தடுக்கிற நிலையில் யாரும் இல்லை.

வாய்க்கால் கரையில் பாடையை இறக்கி வைத்திருந்தார்கள். மேலே நாலு பேர் தார்ப்பாயை விரித்துப் பிடித்திருந்தார்கள். தண்ணீர் செம்மண் நிறத்தில், பூவும் நுரையும் சுழற்றிக்கொண்டு ஓடியது. அந்தக் கரையில் விறகை நனையாமல் மூடி வைத்துக்கொண்டு இரண்டு பேர் நின்றார்கள். செல்லதுரை குரலுக்கு ஒரு பெரிய ஆளை அவள் மனதில் வைத்திருந்தாள். வந்து நின்றவர் சின்ன உருவம், நனைந்த கோழிபோல. அவளைப் பார்த்தார்.

பரிதி அப்பாவின் தலைமாட்டில் மண்டியிட்டான். கூடத்தில் மண்டியிட்டதுபோலவே. ஒருவர் அரிசித் தட்டை நீட்டினார். அவன் அதைத் தொடவில்லை. தன் வலது கையைத் திறந்தான். தஞ்சாவூரிலிருந்து மூடியிருந்த கை; விரல்கள் உடனே பிரியவில்லை. உள்ளங்கை வியர்வையில் இரண்டு அரிசி ஒட்டிக்கொண்டிருந்தன.

ஒன்றை எடுத்து வைத்தான். இன்னொன்றை எடுத்து வைத்தான்.

"என்னடா, ரெண்டே ரெண்டா போடற?" என்றார் செல்லதுரை. "அள்ளிப் போடு."

"மூணு இருந்துச்சு சித்தப்பா," என்றான் பரிதி. திரும்பவில்லை. "ஒண்ணு மேடத்துக்கிட்ட இருக்கு."

கரையில் நின்ற ஆண்கள் அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அவளுக்கு விளங்கியது. நாக்கை அசைக்காமல் நின்றாள். இப்போது அதை வெளியே எடுத்து நீட்ட முடியுமா? எச்சில் பட்டது. விழுங்கத்தான் முடியுமா?

அதன் பிறகு அவன் தட்டிலிருந்து அள்ளிப் போட்டான். அப்போதுதான் உடம்பு குலுங்கியது. மனிதக் குரல் என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் வந்தது. செல்லதுரை அவன் தோளைப் பிடித்துத் தூக்கினார். பாடை தோளுக்கு ஏறியது. ஒவ்வொருவராகத் தண்ணீரில் இறங்கினார்கள்; தொடை, இடுப்பு. பரிதி முன்னால் தோள் கொடுத்திருந்தான். கரைகளுக்கு நடுவில் பாடை ஒருமுறை சாய்ந்து, மரத்தடியில் பெண்கள் வீறிட, மறுபடி நிமிர்ந்தது. அந்தக் கரையில் ஏறும்வரை அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஏறிய பிறகும் பார்க்கவில்லை.

அனுராதா காருக்கு வந்து உட்கார்ந்தாள். சேலை முழங்கால் வரை சேறு. கடிகாரத்தைப் பார்த்தாள். தஞ்சாவூரில் பரிட்சை இன்னும் முடிந்திருக்காது. ஒரு நாற்காலி காலியாக இருக்கும். அந்த வேலையும் இனி அநேகமாகப் போனதுதான். அதற்கு யாரிடம் போய்ப் பேசுவது, என்ன சொல்லி எத்தனை நாள் தள்ளி வாங்குவது என்று மனசு தன் பாட்டுக்குக் கணக்குப் போட ஆரம்பித்தது. அதை அவளே அருவருப்போடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்சீட்டில் உறுமல். கூடையைத் திரும்பிப் பார்த்தாள். மேலாக இருந்த போன், முதுகில் ரோஜாப்பூ ஒட்டியது. தமிழ்நிலாவுடையது. திரை ஒளிர்ந்தது.

'அப்பா.'

கை அதை நோக்கிப் போய்ப் பாதியில் நின்றது. அடித்து ஓய்ந்தது. மறுபடி 'அப்பா.'

எடுத்தாள்.

"நிலா, பரிட்சை முடிஞ்சுதாம்மா? எப்படி எழுதுன?" ஒரு கனத்த, சந்தோஷமான குரல். பின்னால் பஸ் ஹாரன்.

"நான் அவ மேடம் பேசறேங்க. அவ பரிட்சை எழுதிக்கிட்டிருக்கா. நல்லா எழுதுவா." போனை மற்றக் காதுக்கு மாற்றினாள். "நீங்க... நீங்க பேசறது அவ அப்பாதானே?"

"ஆமாங்க."

"நல்லா இருக்கீங்களா?"

மறுமுனையில் அவர் சற்றுத் திகைத்தார்.

"நான் நல்லாத்தாங்க இருக்கேன். ஏங்க? ஏதாச்சும் ஆச்சுங்களா?"

ஒன்றுமில்லை என்று சொல்ல அனுராதா வாயைத் திறந்தாள். கடைவாயிலிருந்து நாக்கின் நுனிக்கு அந்த அரிசி உருண்டு வந்து நின்றது. வெளியே, வாய்க்காலுக்கு அப்பால், மழையோடு மழையாகப் புகை மேலே ஏற வழி தேடிக்கொண்டிருந்தது.

"ஹலோ? மேடம்? இருக்கீங்களா?" என்றது போன்.